செத்த காலேஜ்

பெயர் வைப்பதில் சென்னை மக்களை விஞ்ச முடியாது. எழும்பூரில் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அவர்கள் பல தலைமுறைகளாக வழங்கிவந்த பெயர் 'செத்த காலேஜ்'. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிச்சாலைக்குப் பெயர் 'உயிர் காலேஜ்'. காணும் பொங்கலன்று வெளியூர்களிலிருந்து கட்டுச்சோற்றோடு வந்து இறங்கும் குடும்பங்கள் இவ்விரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டா. உயிருள்ளவை ஒரு காலேஜில், உயிரில்லாதவை இன்னொரு காலேஜில். எவ்வளவு சுருக்கமான வகைப்பாடு, பாருங்கள்!

உண்மையில் இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். 1851-ஆம் ஆண்டில் சென்னைக் கல்லூரிச் சாலையில், செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில், கல்வகைகளையும் தாதுப்பொருள்களையும் அடுக்கிவைத்து இந்த அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சென்னை இலக்கியக் கழகம் என்ற அறிஞர் குழு திரட்டி வைத்திருந்த பொருள்களே முதல் மூலதனம். பொறுப்பேற்றவர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப்பற்றி 1840-களிலேயே எழுதியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் பெண்கள் சேர்வதற்கு ஆதரவாக நின்றவர். கல்லூரி மாடி பாரம் தாங்காது போகவே, 1854-இல் அருங்காட்சியகம் எழும்பூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இருந்த 'பாந்தியன்' மாளிகை அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் கூடி விருந்துண்டு நடனமாடிய இடம். பால்ஃபர் அந்தத் தோட்டத்தில் சில உயிர்விலங்குகளையும் வைத்தார். பார்க்க வந்த கூட்டம் பெருகியது, விலங்குகளும் பெருகின. 1863-இல் விலங்குகளை மட்டும் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அதுதான் உயிர் காலேஜ். அது 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

இனி நாம் உள்ளே போவோம். ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பொருளையும் பார்க்கும்போது 'இது என்ன?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 'இது எங்கே இருந்தது? யார் எடுத்தார்? எடுத்தபோது பக்கத்தில் என்ன இருந்தது?' என்றும் கேளுங்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில், பலரும் கண்ணெடுத்தும் பார்க்காமல் தாண்டிப்போகும் கற்கள். தொல்பழங்காலப் பகுதியில் உள்ள இவை வெறும் கூழாங்கற்கள் போலத்தான் தோன்றும். சற்றுக் கூர்ந்து பாருங்கள். ஒரு முனை கூராகவும், மறுமுனை உள்ளங்கையில் அடங்கும்படி உருண்டும், இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்க்கப்பட்டும் இருப்பது தெரியும். இவை கைக்கோடரிகள். ஆற்றில் உருண்டு உடைந்த கல்லுக்கு இப்படி இரு பக்கமும் ஒத்த வடிவம் அமையாது.

இவற்றைத் திரட்டியவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரத்தில் படைப்பயிற்சி மைதானத்தை அடுத்த சரளைக்குழி ஒன்றில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். மனிதன் மிகப் பழைய கற்கருவிகளைச் செய்தான் என்பதை ஐரோப்பிய அறிஞர்களே 1859-இல்தான் ஒருவாறு ஒப்புக்கொண்டிருந்தார்கள். நான்கே ஆண்டுகளில் சான்று நம் பல்லாவரத்தில் கிடைத்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற தம் தோழருடன் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் சென்றபோது அத்திரம்பாக்கம் அகப்பட்டது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. அதன்பின் நாற்பது ஆண்டுகள், பாறைகளை ஆராயப் போகும் இடமெல்லாம் ஃபூட் கற்கருவிகளையும் பானையோடுகளையும் பொறுக்கினார். 1904-இல் அந்தத் திரட்டு முழுவதையும் சென்னை அரசு விலைகொடுத்து வாங்கி இங்கே வைத்தது.

விலைகொடுத்து வாங்குமளவுக்கு அக்கற்களில் என்ன இருந்தது? கைக்கோடரி வேண்டுமானால் அத்திரம்பாக்கத்து ஓடைக்கரையில் கூடை கூடையாகக் கிடந்திருக்கும். ஃபூட்டின் கற்களுக்குப் பெருமை அவர் எழுதிய பட்டியலால் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எண், எந்த ஊர், எந்தக் கல்வகை என்ற குறிப்பு. 1912-இல் அவர் மறைந்தபின்னர் அந்தப் பட்டியலும் விளக்கமும் 1914-லும் 1916-லும் அருங்காட்சியகத்தின் வெளியீடுகளாக வந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் ஒருவர் அதே ஊருக்குப் போகலாம்.

அப்படிப் போனார்கள். சாந்தி பப்பு தலைமையில் ஓர் ஆய்வுக்குழு 1999-இல் தொடங்கி அத்திரம்பாக்கத்தில் முறையாக அகழ்ந்தது. கருவிகளின் வயதை அறிய அவர்கள் கையாண்ட வழி அழகானது. வானிலிருந்து இடையறாது பொழியும் காஸ்மிக் கதிர்கள், நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்ஸ் படிகத்தைத் தாக்கும்போது, அதற்குள் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரு கதிரியக்க அணுக்கள் சிறுகச் சிறுகச் சேருகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, சேர்வது நின்றுவிடும். அதுவரை சேர்ந்தவை சிதையத் தொடங்கும். அலுமினியம்-26 பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியம்-10 பாதியாக ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் குறைவதால், இன்று எஞ்சியுள்ள இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடலாம். ஒரே நேரத்தில் ஏற்றிய இரண்டு மெழுகுவத்திகளில் ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்; மிச்சத்தைப் பார்த்தே ஏற்றிய நேரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா?

2011-இல் வெளிவந்த முடிவு: அத்திரம்பாக்கத்தின் அடிப்படுகைக் கைக்கோடரிகளுக்கு வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள், எப்படிப் பார்த்தாலும் 10 லட்சத்துக்குக் குறையாது. 2018-இல் மேற்படுகைகளைப்பற்றி இன்னொரு முடிவு வந்தது. பெருங்கோடரியை விட்டுச் சிறு செதில்களைத் திட்டமிட்டுப் பெயர்த்துக் கருவி செய்யும் நுட்பம் அங்கே ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது அது. இந்தியாவில் இந்நுட்பம் வெகு பிற்காலத்தில் வந்தது என்ற கருத்தை அது ஆட்டிவைத்தது. ஃபூட்டின் பட்டியலில் 'அத்திரம்பாக்கம்' என்ற பெயருக்குப் பதிலாக 'சென்னைக்கு அருகில்' என்று மட்டும் இருந்திருந்தால்? கற்கள் அப்படியேதான் இருந்திருக்கும். வழி மட்டும் அடைபட்டிருக்கும்.

அடுத்து விலங்கியல் பகுதி. குழந்தைகளை இங்கிருந்து கிளப்புவது கடினம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். மேற்குக் கடற்கரையில் மங்களூர்ப் பக்கம் ஒதுங்கிய திமிங்கிலத்தினுடையது. அதன் துடுப்பில் உங்கள் கண்ணை நிறுத்துங்கள். வெளியே பார்க்க மீனின் துடுப்புப் போலிருந்தாலும், உள்ளே மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், விரலெலும்புகள். உங்கள் கையை மடக்கி நீட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பின்னங்கால்கள் இல்லை. ஆனால் உயிருள்ள திமிங்கிலத்தின் உடலுக்குள், எந்த மூட்டோடும் சேராமல், இடுப்பெலும்பின் மிச்சம் ஒரு சிறு துண்டாகப் புதைந்திருக்கும். தரையில் நடந்த மூதாதையின் நினைவு அது.

அந்த மூதாதையைப்பற்றிய ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ. ரங்கராவ் என்ற இந்திய நிலவியலாளர் காசுமீரத்தில் காலாகோட் பகுதியில் புதைபடிவங்கள் கொண்ட பாறைத்துண்டுகளைச் சேர்த்துவைத்தார். அவற்றிலிருந்து ஒரு சிறு குளம்பு விலங்குக்கு 1971-இல் 'இண்டோகையஸ்' என்று பெயரிட்டார். மீதிப் பாறைகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப்பின், குடும்பத்தாரிடமிருந்து அவை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தன. ஒரு மண்டையோட்டைத் துப்புரவு செய்யும்போது அதன் காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உட்புறச் சுவர் தடித்து, திமிங்கிலத்தின் காதைப்போலவே இருந்தது! 2007-இல் இது வெளியாயிற்று. ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பூனையைவிடப் பெரிதாகாத அந்த விலங்குதான் திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய பழைய உறவினர்களுள் ஒன்று என்று இன்று கருதுகிறார்கள். 'இந்தக் கல்லையெல்லாம் எதற்காகப் பெட்டி பெட்டியாகக் காக்க வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

பறவைகள், பாம்புகள், சங்குகள் வரிசையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும். மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கு அருகில் உள்ள குருசடைத் தீவின் கடலோர உயிர்களைப்பற்றி இந்த அருங்காட்சியகம் 1927-இல் ஒரு நூலே வெளியிட்டது. அப்போது கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியும் பிறரும் எழுதியது. பவளத்திட்டுகள் மெலிந்துவரும் இக்காலத்தில், அங்கே முன்பு எவை வாழ்ந்தன என்று கேட்டால் அந்நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது அமராவதிக் கூடம். இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். நின்றால் மகிழ்ச்சியோடு வருத்தமும் வரும்.

ஆந்திர நாட்டில் கிருஷ்ணை ஆற்றின் தென்கரையில் அமராவதி என்ற ஊரில் ஒரு பெரும் பௌத்தத் தூபி இருந்தது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் எழுந்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை புதுக்கப்பட்டு வந்தது. அதன் பலகைக்கற்களும் வேலிக்கற்களும்தான் இங்கே உள்ளவை. பலர் இவற்றைச் சலவைக்கல் என்பார்கள். நிலவியலார் ஒப்பமாட்டார்கள், இது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். மென்மையான கல்லாதலால் சிற்பியின் உளி நினைத்ததையெல்லாம் செய்திருக்கிறது. யானையின் மதம், மாடத்தில் நின்று பார்க்கும் பெண்களின் திகைப்பு, வணங்குவோரின் குழைவு எல்லாம் விரலளவு இடத்தில் அடங்கியிருக்கின்றன.

சுண்ணாம்புக்கல் என்பதே அதற்கு வினையாகவும் முடிந்தது. சுட்டால் சுண்ணாம்பு ஆகுமே! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூருக்குக் குடிவந்த வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தாரின் ஆட்கள் கட்டடங்களுக்குக் கல்தேடி மேட்டைத் தோண்டினார்கள். 1797-இல் காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி அங்கே போய்ப் பார்த்தார். 1816-இல் அவர் மறுபடி வந்தபோது முன்பு கண்ட கற்கள் பல இல்லை. சில சூளைக்குப் போயின. சில குளத்துப் படிக்கட்டாயின. மெக்கன்சி ஒரு நல்ல காரியம் செய்தார். கூட வந்த ஓவியர்களைக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் அளந்து வரையவைத்தார். அவை இருந்த இடங்களையும் குறிக்கச் செய்தார்.

பிறகு 1845-இல் வால்டர் எலியட் தோண்டிக் கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே அவை வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் நூற்றுக்கு மேற்பட்டவை இலண்டனுக்குக் கப்பலேறின. அங்கேயும் வரவேற்பு ஒன்றுமில்லை. ஒரு லாயத்தில் போட்டுக் கிடந்தவற்றை ஜேம்ஸ் ஃபெர்குசன் கண்டு 1868-இல் நூல் எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாய் இங்கே, பிள்ளை அங்கே என்பது போல ஒரே தூபியின் கற்கள் இரு கண்டங்களில் பிரிந்து நிற்கின்றன.

மிகப் பெரிய கேடு நல்லெண்ணத்தால் விளைந்தது. 1880-இல் சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் மேடு முழுவதையும் தோண்டிக் கற்களை எல்லாம் வெளியே எடுக்கும்படி ஆணையிட்டார். எடுத்தார்கள். அடுத்த ஆண்டு தொல்லியல் அறிஞர் ஜேம்ஸ் பர்கெஸ் ஆராயச் சென்றபோது தூபி நின்ற இடத்தில் ஒரு பெரும் பள்ளந்தான் இருந்தது. கற்கள் காப்பாற்றப்பட்டன, எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது என்ற செய்தி மண்ணோடு போயிற்று. தூபியின் முழு உருவை மனத்தில் கட்டியெழுப்ப விரும்பும் அறிஞர்கள் இன்று எதை நாடுகிறார்கள்? மெக்கன்சியின் காகிதங்களைத்தான். கல் சுண்ணாம்பாய்ப் போன இடத்தில் காகிதம் நிலைத்திருக்கிறது. ஆத்திரமும் வருகிறது, அந்த ஓவியர்களைக் கும்பிடவும் தோன்றுகிறது.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இதற்கு நேர் எதிரான பாடம் என்று சொல்ல ஆசைதான்; ஆனால் அங்கும் கதை அவ்வளவு நேராக இல்லை. தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள இடுகாட்டு மேடு அது. 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899-இலிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை இங்கே உள்ளன. முதுமக்கள் தாழிகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், விலங்குகளும் பறவைகளும் மேலே நிற்கும் வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள் எல்லாம் உண்டு. ரீ விரிவான பட்டியல் ஒன்றை 1915-இல் வெளியிட்டார். ஆனால் காலத்தைக் கணிக்கும் கரிம முறை 1940-களின் இறுதியில்தான் பிறந்தது. ஆகவே 'இவை எவ்வளவு பழையவை?' என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு மேல் ஊகத்தில் தொங்கியது. 2004-05-இல் மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த பொருள்களைச் சோதித்து, 2019-இல் வெளியிட்ட முடிவு கி.மு. 900-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டிற்று. மேட்டின் ஒரு பகுதியையாவது தோண்டாமல் விட்டுவைத்ததால் கிடைத்த விடை இது. அமராவதியில் அப்படி அதிகம் மிஞ்சவில்லை.

கடைசியாக வெண்கலச் சிலைகள். திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் பற்றிப் புதிதாக நான் என்ன சொல்ல? பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நடராசரை நிழற்படத்தில் மட்டும் பார்த்தே கட்டுரை எழுதினார். நீங்கள் நேரிலே பார்க்கலாம். நான் சொல்ல விரும்புவது இவற்றுக்கு வந்த நோயைப்பற்றி.

இச்சிலைகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கிடந்தவை. கலகக் காலங்களில் கோயில்காரர்கள் புதைத்துவைத்தார்கள். எடுக்க ஆளின்றிப் போயிற்று. பின்னர் உழவரின் கொழுவிலும் கிணறு வெட்டுவோரின் கடப்பாரையிலும் தட்டுப்பட்டன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியாகவே பல சிலைகள் இங்கு வந்து சேர்ந்தன.

மண்ணில் உப்பு உண்டு. உப்பிலுள்ள குளோரைடு, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு ஆகிச் சிலையின் துளைகளுக்குள் தங்கிவிடும். மண்ணுக்குள் உள்ளவரை தொல்லையில்லை. வெளியே எடுத்து ஈரக்காற்றுப் பட்டதும் அது மாறி, வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். அப்போது உண்டாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடுத்துள்ள செம்பைத் தின்று மீண்டும் குப்ரஸ் குளோரைடை ஆக்கும். அது மறுபடி பூக்கும். இப்படிச் சுழற்சியாக நடந்து, ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கெடாதிருந்த சிலை கண்ணாடிப்பெட்டிக்குள் சில ஆண்டுகளில் அரித்துப்போகலாம். இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். சென்னைபோன்ற கடலோர ஊரில் காற்றின் ஈரத்தைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு மருத்துவம் பார்க்க 1930-களில் இங்கே ஒரு வேதியியல் கூடம் இயங்கத் தொடங்கியது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலார் அதில் முன்னோடியாக உழைத்தார். முறை பள்ளிப் பாடத்தில் நீங்கள் படிக்கும் மின்பகுப்புத்தான். சிலையை எரிசோடாக் கரைசலில் எதிர்மின்வாயாக அமைத்து மின்னோட்டம் செலுத்தினால், குளோரைடு அயனிகள் சிலையை விட்டு நீங்கி நேர்மின்வாயை நோக்கி நகரும். அரிப்பின் மேலோடு தளர்ந்து கழலும். பிறகு தூயநீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட்டுச் சொட்டினால் வெண்மையாகத் திரண்டு கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவு. கலங்காத நாள் வரும்வரை இதே வேலை. பரிசோதனைக்குழாயில் ஆசிரியர் காட்டும் அதே வெண்படிவுதான், ஒரு சோழர்காலத் திருமேனி பிழைத்ததா இல்லையா என்று தெரிவிக்கிறது.

அடுத்தமுறை சென்னைக்கு வரும்போது ஒரு முழுநாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அரைநாளில் ஓடிப் பார்த்தால் கால்வலிதான் மிஞ்சும். காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. கையோடு ஒரு குறிப்பேடும் பென்சிலும் எடுத்துப்போங்கள். திருவள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப்பெயர் கற்கருவிகளின் சீட்டுகளில் உண்டா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், ஊர் திரும்பியதும் எந்த ஓடைக்கரை என்று பெரியவர்களிடம் விசாரிக்கலாம்.